தொட்டால் அசையும் திரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்டராக்டிவ் டெவலப்பரான என்னிடம் மாநாட்டு மேடையை விட்டு இறங்கியதும் கேட்பவை, மின்னஞ்சலில் கேட்பவை என்று திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். முதலில் கருவிகள், பிறகு சோதனை முயற்சிகள், கடைசியில் மேடைப் பேச்சு. வேண்டிய இடத்துக்குத் தாவிக்கொள்ளுங்கள்.

இன்டராக்டிவ் டெவலப்பர் என்றால் சரியாக என்ன வேலை?

திரையைத் தொட்டாலோ, இழுத்தாலோ, மைக்கில் ஊதினாலோ, போனைச் சாய்த்தாலோ அதற்குத் திரை ஒரு பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலை எழுதுவதுதான் வேலை. அருங்காட்சியகத்தில் பிள்ளைகள் மொய்க்கும் தொடுதிரை, செய்தியோடு வரும் இழுத்துப் பார்க்கும் வரைபடம், ஒரு செருப்பை எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்டும் விற்பனைப் பக்கம், எல்லாம் இதில் அடக்கம்.

"வெப் டெவலப்பர்தானே?" என்றால் ஆமாம், அதே மொழிகள்தான். தாமதத்தைப் பார்க்கும் விதத்தில்தான் வித்தியாசம். ஒரு படிவம் அனுப்பும்போது அரை விநாடி தாமதமானால் யாரும் கவலைப்படுவதில்லை. விரலுக்கு அடியில் ஒரு பொருள் நகரும்போது பத்தில் ஒரு விநாடி பின்தங்கினாலே கை அதைக் கண்டுபிடித்துவிடும். ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும், "என்னமோ இழுக்குது" என்று சொல்லிவிட்டு ஆள் நகர்ந்துவிடுவார்.

ஃப்ளாஷ் போனதோடு இந்தத் துறையும் போகவில்லையா?

போகவில்லை, வீடு மாறியது. ஃப்ளாஷ் என்பது பிரவுசரில் அசையும் படமும் விளையாட்டும் ஓட்டிய மென்பொருள். ஃப்ளாஷ் ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31 அன்று நிறுத்தியது. அதற்கு வெகு முன்பே மாற்று ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நிரலால் படம் வரைய உதவும் கேன்வாஸ் 2004ல் ஆப்பிளின் டாஷ்போர்டு குட்டிச் செயலிகளுக்காக வந்தது. அதில் முப்பரிமாணம் வரையலாம் என்று மொசில்லாவில் இருந்த விளாதிமிர் வூக்கிச்செவிச் 2006ல் ஒரு முன்மாதிரி காட்டினார். அது வளர்ந்துதான் 2011 மார்ச்சில், கிராஃபிக்ஸ் சிப்பை வைத்துப் பிரவுசரில் வரையும் வெப்ஜிஎல் 1.0 ஆனது. இடையில், 2009ல், பிரவுசர் இவ்வளவு செய்யும் என்று காட்டவே கூகுள் குரோம் எக்ஸ்பெரிமென்ட்ஸ் என்ற காட்சியகத்தைத் திறந்தது.

எனக்குப் பிடித்த விஷயம், ஆட்கள் மாறவில்லை. மிஸ்டர் டூப் என்ற பெயரில் அறியப்படும் ரிக்கார்டோ கபெய்யோ ஃப்ளாஷுக்காக ஆக்‌ஷன்ஸ்கிரிப்டில் எழுதிவைத்திருந்த முப்பரிமாண நிரலைத்தான் ஜாவாஸ்கிரிப்டுக்குக் கொண்டுவந்து 2010ல் த்ரீ ஜேஎஸ் என்று, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் போட்டார். இன்று பிரவுசரில் நீங்கள் பார்க்கும் முப்பரிமாணக் காட்சிகளில் பெரும்பகுதிக்கு அடியில் இருப்பது அதுதான். பழைய ஃப்ளாஷ் வேலைகளைப் பார்க்க ஆசையா? ஃப்ளாஷ் இல்லாமலே அவற்றை ஓட்டும் ரஃபிள் என்ற எமுலேட்டர் இருக்கிறது. இன்டர்நெட் ஆர்கைவில் பல விளையாட்டுகள் அதை வைத்தே இன்னும் ஓடுகின்றன.

## கருவிகள்

என்னென்ன கருவி வைத்திருக்கிறீர்கள்?

எழுத விஎஸ் கோட், ஓட்டிப் பார்க்க வைட், முப்பரிமாணத்துக்கு த்ரீ ஜேஎஸ், ஓவியம் மாதிரி சட்டென்று ஏதாவது முயல பி5 ஜேஎஸ். வெப்ஜிஎல் எங்கே சிக்குகிறது என்று பார்க்க ஸ்பெக்டர் ஜேஎஸ். ஒரு ஃப்ரேமை, அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் படங்களில் ஒன்றைப் பிடித்து, அதில் கிராஃபிக்ஸ் சிப்புக்குப் போன ஒவ்வொரு கட்டளையையும் வரிசையாகக் காட்டும். மூலையில் ஃப்ரேம் வேகம் காட்டும் சின்னப் பெட்டிக்கு ஸ்டாட்ஸ் ஜேஎஸ், அதுவும் மிஸ்டர் டூப் எழுதியதே.

இந்தப் பட்டியலை நகலெடுப்பதால் பெரிய பயன் இல்லை. அடுத்த கேள்வியில் வருவது ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

உங்கள் டெமோ எல்லாவற்றிலும் வலது மூலையில் ஸ்லைடர் பெட்டி ஒன்று இருக்கிறதே, அது என்ன?

என் வேலையில் பாதி அதில்தான் நடக்கிறது. கூகுளின் டேட்டா ஆர்ட்ஸ் குழு வெளியிட்ட டாட் குய் என்ற சின்ன நிரல் நூலகம் இந்தப் பழக்கத்தைப் பரப்பியது. இப்போது நான் பயன்படுத்துவது அதே வழியில் வந்த லில் குய். டுவீக்பேன் என்று இன்னொன்றும் அழகாக இருக்கும்.

செய்வது இவ்வளவுதான்: நிரலில் உள்ள ஒரு எண்ணுக்கு ஒரு ஸ்லைடர். ஈர்ப்பு 9.8 என்று எழுதிவிட்டுச் சேமித்து, பக்கம் திரும்ப ஏறி, பார்த்துவிட்டு 7 என்று மாற்றி, மறுபடி சேமித்தால் இரண்டுக்கும் நடுவே ஐந்து விநாடி போய்விடும். அந்த ஐந்து விநாடிக்குள் முதலில் பார்த்தது எப்படி இருந்தது என்று கண் மறந்துவிடும். ஸ்லைடரை இழுத்தால் 9.8 முதல் 7 வரை நடுவில் இருக்கும் எல்லாமே கண்முன் ஓடும். பல சமயம் நல்லது 8.3ல் ஒளிந்திருக்கும், அல்லது யாரும் முயலாத மைனஸ் 2ல் இருக்கும். அதனால் ஸ்லைடரின் எல்லையை எப்போதும் "சரியான" அளவுக்கு இரண்டு பக்கமும் தாண்டியே வைப்பேன்.

இடைமுக வடிவமைப்பாளர் பிரெட் விக்டர் 2012 ஜனவரியில் மாண்ட்ரியாலில் மென்பொருள் மாணவர் மாநாடு ஒன்றில் பேசினார். திரையின் ஒரு பக்கம் நிரல், மறுபக்கம் பூத்து நிற்கும் ஒரு மரம். நிரலில் உள்ள எண்ணை இழுக்க இழுக்க மரத்தின் கிளையும் பூவும் மாறின. உருவாக்குகிறவர் தான் செய்வதன் விளைவை அந்தக் கணமே பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். அவர் காட்டிய அளவுக்கு ஒரு சூழலை உருவாக்குவது பெரிய வேலை. ஸ்லைடர் பெட்டி அதில் ஒரு துண்டைப் பத்து வரியில் தந்துவிடுகிறது, அதுவே எனக்குப் போதும்.

இதற்குத் துணையாக இன்னொரு வழக்கம்: விதை எண். அதே விதையைக் கொடுத்தால் ரேண்டம் (தற்செயல்) எண்களும் அதே வரிசையில் வரும். ஜாவாஸ்கிரிப்டின் இயல்பான ரேண்டம் எண்ணுக்கு விதை கொடுக்க முடியாது. அருமையான ஒரு படம் வந்தால் அது திரும்ப வராது. விதை ஏற்கும் சின்ன ரேண்டம் சார்பு ஒன்றை எழுதி, அந்த விதையையும் எல்லா ஸ்லைடர் அளவுகளையும் பக்கத்தின் முகவரியிலேயே ஒட்டிவிடுங்கள். முகவரியை நண்பருக்கு அனுப்பினால் அவர் திரையிலும் அதே படம்.

கேன்வாஸா, எஸ்விஜியா, வெப்ஜிஎல்லா? எதில் தொடங்குவது?

சில நூறு வடிவங்கள், ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கிளிக் செய்ய வேண்டும் என்றால் எஸ்விஜி (ஒவ்வொரு வடிவத்தையும் தனிப் பொருளாக வைக்கும் முறை). சில ஆயிரம் என்றால் கேன்வாஸ். அதைத் தாண்டினாலோ, முப்பரிமாணமோ, பிக்சல் பிக்சலாக விளையாட வேண்டுமோ என்றால் வெப்ஜிஎல். வெப்ஜிபியூ 2023 மே மாதம் குரோம் 113ல் வந்தது. கிராஃபிக்ஸ் சிப்பில் பொதுக் கணக்கும் போட முடிவதால் லட்சக்கணக்கான துகள்களை அங்கேயே நகர்த்தலாம். ஆசையாக இருந்தால் முயலுங்கள், ஆனால் முதல் படியாக வேண்டாம்.

கணிதம் எவ்வளவு தெரிய வேண்டும்?

பள்ளிக்கூடத்துச் சைனும் காஸும், வெக்டர் கூட்டல், புள்ளிப் பெருக்கம். இவ்வளவை வைத்துக்கொண்டே வெகுதூரம் போகலாம். மேட்ரிக்ஸ் பிறகு தேவைப்படும்போது தானாக வந்து கழுத்தைப் பிடிக்கும்.

என் லேப்டாப்பில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, போனில் திணறுகிறது. ஏன்?

முதலில் பிக்சலை எண்ணுங்கள். 390க்கு 844 என்று பக்கம் கணக்குக் காட்டும் ஒரு போனின் பிக்சல் விகிதம் 3 என்றால், உண்மையில் நீங்கள் வரைவது 1170க்கு 2532, அதாவது ஏறக்குறைய 29.6 லட்சம் பிக்சல். விகிதத்தை 2க்கு மேல் போகவிடாமல் கட்டினால் 13.2 லட்சம். பாதிக்கும் மேல் சுமை குறைந்துவிடும், நகரும் காட்சியில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவே தெரியாது. திணறல் என்று என்னிடம் வருபவற்றில் நிறைய இந்த ஒரு வரியிலேயே தீர்ந்துவிடும்.

அதற்கும் மசியவில்லை என்றால் வரையும் கட்டளைகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஆயிரம் மரத்துக்கு ஆயிரம் தடவை கட்டளை போகிறதா? ஒரே வடிவம்தானே, இன்ஸ்டன்சிங்கில் ஒரே கட்டளையாகப் போகட்டும்.

புதுப் போனில் அனிமேஷன் இரண்டு மடங்கு வேகமாக ஓடுகிறது. இது என்ன கூத்து?

அந்தப் போனின் திரை 120 ஹெர்ட்ஸ். ஃப்ரேமுக்கு இவ்வளவு என்று நகர்த்தினால், விநாடிக்கு 60 ஃப்ரேமுக்குப் பதில் 120 ஃப்ரேம் வரும்போது வேகமும் இரட்டிக்கும். கழிந்த நேரத்தால் பெருக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். தெரிந்தவர்களும் சறுக்குமிடம் ஒன்று உண்டு: "மீதித் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு நகர்" என்ற பிரபலமான மென்நகர்வு வரி.

கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு ஃப்ரேமிலும் 90 சதவீதம் மிச்சம். பத்தில் ஒரு விநாடியில் 60 ஹெர்ட்ஸ் திரையில் 6 ஃப்ரேம் ஓடும், 0.9ஐ ஆறு தடவை பெருக்கினால் 53 சதவீதத் தூரம் மிச்சம். 120 ஹெர்ட்ஸில் 12 ஃப்ரேம். 28 சதவீதம்தான் மிச்சம். ஒரே நிரல், ஒரு போனில் தேன் மாதிரி, இன்னொன்றில் வெடுக்கென்று. இதற்குக் கழிந்த நேரத்தால் வெறுமனே பெருக்கினால் போதாது. 0.9ன் அடுக்காக, கழிந்த நேரத்தை 60ஆல் பெருக்கி வரும் எண்ணைப் போட வேண்டும். அப்போது எந்தத் திரையிலும் ஒரே நடை.

இன்னொன்று: வேறு டேபுக்குப் போய்த் திரும்பினால் நடுவில் ஃப்ரேம் ஓடியிருக்காது. திரும்பியதும் கழிந்த நேரம் நாற்பது விநாடி என்று வந்து, பந்து சுவரைத் தாண்டி எங்கோ போய்விடும். கழிந்த நேரத்துக்கு ஒரு உச்சவரம்பு வையுங்கள்.

ஷேடரில் நாய்ஸ் லேப்டாப்பில் அழகாக வருகிறது, சில போன்களில் கட்டம் கட்டமாக வருகிறது?

ஷேடர் என்பது கிராஃபிக்ஸ் சிப்பில் ஓடும் சின்ன நிரல், நாய்ஸ் அதில் உருவாக்கும் தற்செயல் வடிவம். சைனை எடுத்து 43758.5453ஆல் பெருக்கிப் பின்னப் பகுதியை வைத்துக்கொள்ளும் அந்த ஒற்றை வரி ரேண்டமைத்தானே ஒட்டியிருக்கிறீர்கள்? இணையத்தில் பாதிப் பேரின் ஷேடரில் அது இருக்கிறது. துல்லியம் குறைவான எண்களில் கணக்குப் போடும் சிப்புகளில் அது உடைந்துபோகும். துல்லியத்தை உயர் நிலைக்கு மாற்றிப் பாருங்கள், இல்லையென்றால் முழு எண்களை வைத்துச் செய்யும் ஹேஷுக்கு (எண்ணைக் கலக்கித் தரும் சார்புக்கு) மாறுங்கள்.

ஏஐதான் எல்லாம் எழுதித் தருகிறதே, இதெல்லாம் இன்னும் கற்க வேண்டுமா?

நானும் பயன்படுத்துகிறேன். முதல் வடிவம் வேகமாக வந்துவிடுகிறது. அதனிடம் கேட்கும்போது "எல்லா எண்களையும் ஸ்லைடரில் போட்டுக் கொடு" என்று சேர்த்துக் கேளுங்கள். பிறகு எந்த எண் சரி என்று பார்க்க உங்கள் கண்தான் வேண்டும்.

## சோதனை முயற்சிகள்

எதையாவது செய்து பார்க்க ஆசை, யோசனைதான் வரவில்லை. உங்களுக்கு எங்கிருந்து வருகிறது?

பெரிய யோசனைக்குக் காத்திருப்பதை நிறுத்துங்கள். கட்டுப்பாடு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஜேஎஸ்13கே என்று ஒரு போட்டி 2012லிருந்து நடக்கிறது. முழு விளையாட்டும் சுருக்கிய கோப்பில் 13 கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும். படம் வைக்க இடமில்லை, நூலகம் சேர்க்க இடமில்லை. அந்த நெருக்கடியே யோசனை கொடுக்கும். இதன் தாத்தா டெமோசீன். 64 கிலோபைட்டில், 4 கிலோபைட்டில் இசையோடு கூடிய முழுக் காட்சியைச் செய்து காட்டும் ஐரோப்பியக் கூட்டம். பின்லாந்து 2020ல் அதைத் தன் தொட்டறிய முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. சில கிலோபைட் நிரலுக்கு அந்த மரியாதை கிடைத்தது எனக்கு இன்றும் சந்தோஷம்தான்.

கோலம் போடும் அந்த டெமோ எப்படி வேலை செய்கிறது?

அதிகம் பேர் கேட்பது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கோலத்தைக் கணினிக்குக் கொண்டுவருவது புதிதல்ல. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருதிவாசனோடு சேர்ந்து 1974லேயே கோலங்களை விவரிக்கும் இலக்கணம் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். என் டெமோ அந்த வழியில் போகவில்லை. சிக்குக் கோலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, எளிய ஒரு விதியில் நிற்கிறது.

புள்ளிகளைச் சதுரமாக வையுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டுக்கும் சரியாக நடுவில் ஒரு இடம் இருக்கிறதல்லவா, எல்லா முடிவும் அங்கேதான். அங்கே மூன்றில் ஒன்று நடக்கலாம்: கோடுகள் இரண்டும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகலாம், வெட்டாமல் வளைந்து இரு புள்ளிகளையும் பிரித்துவிடலாம், வளைந்து இரண்டையும் ஒரே சுற்றுக்குள் சேர்த்துவிடலாம். ஓரத்தில் கோடு எப்போதும் திரும்பிவிடும். நாலுக்கு நாலு புள்ளியில் இப்படி 24 நடு இடங்கள். மூன்றை 24 தடவை பெருக்கினால் 28 ஆயிரம் கோடிக்கு மேல். திருப்பிப் பார்த்தால் ஒன்றுபோல் இருப்பவற்றைக் கழித்தாலும் ஒரு வாசலுக்கு ஏழு தலைமுறை போதாது.

எல்லா நடு இடத்திலும் குறுக்கே வெட்ட விட்டால், எத்தனை தனிக் கோடு வரும் தெரியுமா? வரிசைகளின் எண்ணிக்கைக்கும் ஒரு வரிசையில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கைக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணி. மூன்றுக்கு நாலு என்றால் ஒரே கோடு, கையெடுக்காமல் போட்டுவிடலாம். நாலுக்கு நாலு என்றால் நாலு கோடு. கோலம் போடுகிறவர்கள் ஒற்றைக் கோட்டில் முடிவதைத் தனிப் பெருமையாகப் பார்ப்பார்கள். எனவே டெமோ அதைத் தேட வேண்டும்.

தேடுவது நான் நினைத்ததைவிட எளிது. இரண்டு வெவ்வேறு கோடுகள் வெட்டும் ஓர் இடத்தில் வெட்டை எடுத்துவிட்டு வளைவாக்கினால், பிரிக்கிற வளைவோ சேர்க்கிற வளைவோ எதுவானாலும், அந்த இரண்டு கோடும் ஒன்றாகிவிடும். நாலுக்கு நாலில் இப்படி மூன்று இடம் மாற்றினால் நாலு கோடும் ஒன்றாகிவிடும். எந்த மூன்று இடம் என்பதை விதை எண் தீர்மானிக்கிறது. சமச்சீர் வேண்டும் என்ற ஸ்லைடரை ஏற்றினால் தேர்வு குறுகும். முழுச் சமச்சீரும் ஒற்றைக் கோடும் சேர்ந்து கேட்டால் சில அளவுகளில் மாட்டிக்கொள்ளும். அப்போது டெமோ சமச்சீரை விட்டுக்கொடுக்கும்.

கணக்கு முடிந்தபின் படம் உயிரில்லாமல் இருந்தது. கோடு ஒரே தடிமனாக, ஒரே வேகத்தில் ஓடியது, பிளம்பிங் வரைபடம் போல. வாசலில் கோலம் போடும் கையை அருகில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்: நேர்க்கோட்டில் கை விரைந்து போகும், பொடி மெல்லியதாக விழும். வளைவில் மணிக்கட்டு திரும்பும்போது வேகம் குறையும், பொடி கொஞ்சம் கனக்கும். கோடு ஏற்கெனவே போட்ட கோட்டைத் தாண்டும் இடத்தில் சின்ன மேடு. வேகத்தை வளைவோடும் தடிமனை வேகத்தோடும் கட்டினேன். இரண்டு ஸ்லைடர்தான். அதற்குப் பிறகுதான் பார்க்கிறவர்கள் திரையைத் தொட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள்.

தமிழ் எழுத்தை எழுத்து எழுத்தாக அசைத்தால் உடைந்துபோகிறது. நீங்கள் எப்படிச் செய்தீர்கள்?

எழுத்தைப் பிரித்து அசைக்கும் நூலகங்கள் பலவும் ஆங்கிலத்தை நினைத்து எழுதியவை. "கொடி" என்ற சொல்லை யூனிகோடு குறிகளாக வெட்டினால் நாலு துண்டு: க, ஒகரக் குறி, ட, இகரக் குறி. குறிகள் தனியாக விழுந்து, புள்ளிவட்டத்தோடு பரிதாபமாக நிற்கும்.

இப்போது பிரவுசரிலேயே செக்மென்டர் என்ற வசதி இருக்கிறது. குரோமில் 2020லிருந்து, ஃபயர்ஃபாக்ஸில் 2024லிருந்து. அது "கொ", "டி" என்று ஒழுங்காகப் பிரித்துத் தரும். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். "பக்ஷி" என்று கொடுத்தால் க் தனி, ஷி தனி. "ஸ்ரீ" என்று கொடுத்தால் ஸ் தனி, ரீ தனி. பிரித்தபின் இந்த இரண்டையும் ஒட்டவைக்கும் ஒரு வரி நீங்களே சேர்க்க வேண்டும்.

த்ரீ ஜேஎஸ்ஸில் முப்பரிமாண எழுத்து இன்னும் மோசம். அதன் வழக்கமான எழுத்து வடிவக் கருவி குறிகளை வந்த வரிசையில் அடுக்குகிறதே தவிர, கொம்பு முன்னால் வர வேண்டும் என்று அதற்குத் தெரியாது. எளிய வழி, கேன்வாஸில் எழுதி அதைப் பரப்பாக ஒட்டுவது. கேன்வாஸில் எழுத்தமைப்பை பிரவுசர் பார்த்துக்கொள்ளும். கனமான முப்பரிமாண எழுத்தே வேண்டுமென்றால் எழுத்துகளை ஒழுங்காக அமைக்கும் ஹார்ஃப்பஸ் நூலகத்தை வெப்அசெம்ப்ளி மூலம் பிரவுசரில் ஏற்றி, அது தரும் வடிவங்களின் விளிம்பை எடுத்து உப்ப வையுங்கள். வேலை பிடிக்கும், ஆனால் "கௌ" சரியாக நிற்பதைப் பார்க்கும்போது பட்ட பாடு மறந்துவிடும்.

போனில் சத்தம் வரவில்லை, சாய்த்தாலும் அசையவில்லை. உடைந்துவிட்டதா?

இல்லை. பயனர் ஒரு தடவை தொடும்வரை பிரவுசர் ஒலியை அனுமதிக்காது. ஐபோனில் சாய்வுணரிக்கும் 2019லிருந்து தனி அனுமதி வேண்டும், அதையும் ஒரு தொடலுக்குள்தான் கேட்க முடியும். எனவே "தொடங்கு" பொத்தான் ஒன்று வையுங்கள், இரண்டையும் அதிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். பக்கம் பாதுகாப்பான இணைப்பான எச்டிடிபிஎஸ்ஸில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எனக்கு உங்கள் டெமோவைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

போனின் அமைப்பில் "அசைவைக் குறை" என்பதை இயக்குங்கள். என் பக்கங்கள் அதைக் கவனித்து கேமரா நகர்வை நிறுத்திவிடும். மற்ற டெவலப்பர்களுக்கு: இதைப் பார்ப்பது ஒரே ஒரு வரி, செய்துவிடுங்கள். விநாடிக்கு மூன்று தடவைக்கு மேல் பளிச்சிடும் எதையும் வைக்காதீர்கள். அது வலிப்பு வரும் விஷயம், ரசனை விஷயமல்ல.

நிரலை எடுத்துப் பயன்படுத்தலாமா?

எம்ஐடி உரிமம். எடுத்துக்கொள்ளுங்கள். நிரல் அசிங்கமாக இருக்கிறது என்று எழுதுகிறவர்களுக்கு: சோதனை முயற்சி, அப்படித்தான் இருக்கும்.

## மேடைப் பேச்சு

முதல் வாய்ப்பு எப்படிக் கிடைக்கும்?

உள்ளூர்க் கூட்டத்தில் பத்து நிமிடம் பேசுங்கள். அதன் பதிவு ஒன்று கையில் இருந்தால் பெரிய மாநாட்டின் விண்ணப்பத்தில் போடலாம். விண்ணப்பத்தில் "வெப்ஜிஎல் ஓர் அறிமுகம்" என்று எழுதினால் குழு தூங்கிவிடும். "சிக்குக் கோலம் எப்போது ஒற்றைக் கோட்டில் முடியும்?" என்று எழுதினால் பதில் தெரிந்துகொள்ளவாவது கூப்பிடுவார்கள். டெமோவின் முகவரியையும் சேர்த்து அனுப்புங்கள். தேர்வுக் குழுவில் இருப்பவரும் மனிதர்தான், ஸ்லைடரை இழுத்துப் பார்ப்பார்.

மேடையில் நேரடி டெமோ காட்டப் பயமில்லையா?

பயத்துக்கு மருந்து ஏற்பாடு. கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் 1968 டிசம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் 90 நிமிடம் நேரடியாகக் காட்டினார்: மவுஸ், ஹைப்பர்டெக்ஸ்ட், தொலைவில் இருப்பவரோடு சேர்ந்து ஒரே ஆவணத்தைத் திருத்துவது. கணினி இருந்தது சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி மென்லோ பார்க்கில். நடுவில் மைக்ரோவேவ் இணைப்பு. அதோடு ஒப்பிட்டால் நமக்கு ஒரு லேப்டாப்தான், அதுவும் கைக்கெட்டிய தூரத்தில்.

நான் செய்யும் ஏற்பாடு இது. அரங்கின் வைஃபையை நம்புவதில்லை. எல்லாம் லேப்டாப்பிலேயே ஓடும், எழுத்துருக்கூட வெளியிலிருந்து வராது. விமானப் பயன்முறையில் போட்டு ஒரு முழு ஒத்திகை. மேடையில் எதையும் தட்டச்சு செய்வதில்லை. 1, 2, 3 என்று எண்களைத் தட்டினால் முன்பே சேமித்த ஸ்லைடர் நிலைகள் ஏறும். விதை எண் நிலையானது, எனவே என்ன படம் வரும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். அவையினர் கண்ணுக்கு அது தற்செயல். ஒவ்வொரு டெமோவுக்கும் ஒரு வீடியோ பதிவு பக்கத்து டேபில் காத்திருக்கும்.

சார்ஜரைக் கட்டாயம் செருகுங்கள். பேட்டரியில் இருக்கும்போது கிராஃபிக்ஸ் சிப்பின் வேகத்தைக் குறைக்கும் லேப்டாப்புகள் உண்டு. வீட்டில் பறந்த டெமோ மேடையில் தவழும்.

ப்ரொஜெக்டரில் படம் வெட்டி வெட்டி ஓடியது, நிறமும் வெளிறிப்போனது. ஏன்?

பழைய எச்டிஎம்ஐ இணைப்பில் 4கே அளவு போட்டால் விநாடிக்கு 30 படம்தான் போகும். அளவை 1920க்கு 1080 என்று இறக்குங்கள், 60 திரும்பிவிடும். நிறத்துக்கு அரங்கின் விளக்குதான் காரணம்: கரும் பின்னணியில் அடர் நீலம் என்று நீங்கள் வைத்த நுட்பமெல்லாம் மறைந்துவிடும். மேடைக்கென்று தனியாக, மாறுபாடு கூட்டிய ஒரு வண்ணத் தொகுப்பு வைத்திருங்கள். ஸ்லைடர் பெட்டியின் எழுத்தையும் இரண்டு மடங்காக்குங்கள். கடைசி வரிசைக்கு அது எறும்பு.

இன்னொன்று, காலையிலேயே போய் ஒலி ஒளிக்காரரிடம் பேசிப் பழகுங்கள். நெருக்கடியில் உங்களைக் காப்பாற்றப்போவது மாநாட்டுத் தலைவரல்ல, அவர்தான்.

கூட்டத்தில் இருப்பவர்களின் போன்களை வைத்து டெமோ காட்ட முடியுமா?

முடியும், அரங்கமே குதூகலிக்கும். பிரைட்டனைச் சேர்ந்த செப் லீ டெலில், பார்வையாளர்களின் போன் ஒவ்வொன்றையும் ஒரு பிக்சலாக்கி மொத்த அவையையும் திரையாக்கிக் காட்டியிருக்கிறார். நீங்கள் செய்வதானால் வெப்சாக்கெட் (இரு பக்கமும் விடாமல் பேசிக்கொள்ளும் இணைப்பு) போதும். போனிலிருந்து வரும் தரவை ஃப்ரேம்தோறும் அனுப்பாமல் விநாடிக்குப் பத்து தடவை என்று கட்டுங்கள். முகவரியைச் சின்னதாக, க்யூஆரோடு, பேச்சின் தொடக்கத்திலேயே காட்டுங்கள். எப்படியும் கால்வாசிப் பேர் சேர மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டே வடிவமையுங்கள்.

பணம் தருவார்களா? விசா?

சில மாநாடுகள் கட்டணமும் பயணமும் தங்குமிடமும் தரும், சில நுழைவுச்சீட்டு மட்டும் தரும். ஒப்புக்கொள்ளும் முன்பே கேளுங்கள், கேட்பதில் வெட்கம் வேண்டாம். விமானச் சீட்டை அவர்களே போடுவார்களா, நீங்கள் போட்டுப் பிறகு வாங்கிக்கொள்ள வேண்டுமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவுக்கு வழக்கமாக 15 நாள். விண்ணப்பம் கொடுக்க நேரம் குறித்து வாங்குவதுதான் கழுத்தை நெரிக்கும். ஏற்பாட்டாளரிடம் அழைப்புக் கடிதத்தை முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்கிறதா, யார் செலவு என்று குறித்திருக்கிறதா என்று பாருங்கள். நம் இனிஷியல் வழக்கத்தால் பெயர் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக வருவது நடக்கும்.

தமிழில் பேசுவீர்களா?

கூப்பிட்டால் வருவேன். கல்லூரிகளில் தமிழில்தான் பேசுகிறேன். ஷேடர், ஃப்ரேம், கேன்வாஸ் எல்லாம் அப்படியே இருக்கும், விளக்கம் தமிழில். ஆங்கிலத்தில் பேசினால் முடிவில் மௌனம், தமிழில் பேசினால் கேள்விக்கு நேரம் போதாது. இதுவரை கண்டது அப்படி.

பேச்சின் ஸ்லைடுகள் கிடைக்குமா?

என் ஸ்லைடுகளும் ஒரு வெப் பக்கம்தான், டெமோக்கள் உள்ளேயே ஓடும், அதனால் பிடிஎஃப் கிடையாது. அம்புக்குறி விசையால் நகருங்கள். ஜி என்ற விசையைத் தட்டினால் ஸ்லைடர் பெட்டி திறக்கும். போனில் விசை இல்லையே என்பவர்கள் மூன்று விரலால் ஒரு தட்டு தட்டுங்கள்.